இரண்டாவது வால்வு

குழாயக்கா என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இருபது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஆனால் எங்கள் பேண்டில் ட்யூபா என்ற ராட்சதக் கொம்பை ஊதுகிற பேக்கரிக்காரர் வாயிலிருந்து அது வரும்போது மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “என்ன குழாயக்கா, இன்னிக்குக் குழாய்ல காத்து வருதா, தண்ணி வருதா?” பதினோரு வருஷமாக இதே ஜோக். பதினோரு வருஷமாக அதற்கு அவர் ஒருவர்தான் சிரிக்கிறார்.

அந்தப் பதினோரு வருஷமும் நான் மூன்றாம் டிராம்போன். ஸ்லைடை முன்னே தள்ளிப் பின்னே இழுத்து ஊதுகிற நீளமான பித்தளை வாத்தியம் இருக்கிறதே, அதுதான். முதல் டிராம்போனுக்குப் பாட்டு, இரண்டாம் டிராம்போனுக்குப் பாட்டுக்குத் துணை, மூன்றாம் டிராம்போனுக்கு மிச்சம் மீதி. நான் ஊதுவது பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. ஒருநாள் வேண்டுமென்றே ஊதாமல், வாயில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒத்திகை முடிந்ததும் பேண்டு மாஸ்டர் என்னைப் பார்த்து, “இன்னிக்கு நல்லா இருந்ததும்மா” என்றார். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

இப்படி இருக்கும்போதுதான் பாஸ் டிராம்போன் நாற்காலி காலியானது. பாஸ் டிராம்போன் எங்கள் வாத்தியத்துக்கு மூத்த அண்ணன். குழாய் தடிமன், குரல் அடித்தொண்டை, பின்பக்கம் இரண்டு வால்வுகள், அமுக்கினால் ஸ்வரம் இறங்கும். ரயில்வே சிக்னல்காரர் ஒருவர் அதை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கு மாற்றல் வந்தது. வாத்தியம் அவருடைய சொந்தம் என்பதால் அதுவும் கூடவே ரயிலேறிவிட்டது. பேண்டுப் போட்டிக்கு மூன்றே வாரம். நாங்கள் எடுத்திருந்த உருப்படியின் நடுவே ஓர் இடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, பாஸ் டிராம்போன் மட்டும் அரைப் பக்கம் தனியாக ஊத வேண்டும். படிப்படியாக இறங்கி, கடைசியில் கீழ் ‘பி’ என்ற ஸ்வரத்தில் போய் உட்கார வேண்டும். என் சாதாரண டிராம்போனில் அந்த ஸ்வரமே கிடையாது. இரண்டாவது வால்வு இருந்தால்தான் அது கிடைக்கும்.

மாஸ்டர் கைக்குச்சியை மேஜையில் தட்டினார். “யார் ஊதினாலும் எனக்குச் சரிதான். அடுத்த ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு வாத்தியத்தோட வந்து, அந்தக் கீழ் பியை எனக்குக் காட்டணும். இல்லைன்னா இந்தத் தனியை ட்யூபாவுக்கு எழுதிக் கொடுத்துடுவேன்.”

“இப்பவே எழுதிக் கொடுங்க மாஸ்டர்” என்றார் பேக்கரிக்காரர். “எதுக்குக் குழாயக்காவுக்கு வீண் சிரமம்?”

“நான் கொண்டு வரேன்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் எப்போதும் எனக்கு நாலடி முன்னால்தான் போகும்.

என் நாத்தனார்தான் எங்கள் பேண்டின் முதல் கிளாரினெட். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, நாக்கையும் அதே மெஷினில் வைத்துத் தேய்த்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். வேனில் ஏறியதும் கேட்டாள்.

“அண்ணி, பாஸ் டிராம்போன் என்ன விலைன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அதானே பார்த்தேன். இவ்வளவு தைரியமாப் பேசறீங்களேன்னு.”

திங்கட்கிழமை பெரிய வாத்தியக் கடைக்குப் போனோம். கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு, வெல்வெட்டில் படுக்க வைத்திருந்தார்கள். விலைச்சீட்டைப் படித்தேன். அந்தப் பணத்துக்கு என் வேனைப் போல ஒரு வேனை வாங்கி, அதற்கு டிரைவரும் வைத்துக்கொள்ளலாம். சரி, வந்ததற்குத் தொட்டாவது பார்ப்போம் என்று கேட்டேன்.

“தாராளமா மேடம். கையுறை எடுத்துட்டு வரேன்” என்றான் டை கட்டிய விற்பனையாளன்.

“எதுக்கு, எனக்கு அழுக்குப் பட்டுடும்னா?”

“இல்ல மேடம், வாத்தியத்துக்கு...” என்று அவன் இழுத்தான். நாத்தனார் என் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்காவிட்டால் அவன் டை அன்றைக்கு என் கையில் இருந்திருக்கும்.

புதன்கிழமை பார்த்தது மலிவு. கடைக்காரர் வாத்தியம் மட்டுமல்ல, மிக்ஸி, சைக்கிள் பம்ப், குடை எல்லாம் விற்றார். பாஸ் டிராம்போன் புத்தம் புதிது, முகம் பார்க்கலாம், விலையும் என் கைக்கு எட்டும் தூரம். எனக்குக் குஷி தாங்கவில்லை. ஸ்லைடைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, மெதுவாக இழுத்து விட்டேன். காற்றுப் புகாத குழாயாக இருந்தால் உள்ளிருந்து வெடுக்கென்று பிடித்து இழுக்க வேண்டும். அது பாட்டுக்கு வந்தது.

“காத்து ஒழுகுதுங்க” என்றேன்.

“அதனால என்னக்கா? மேல நாலு சுத்து டேப் சுத்திட்டா ஆச்சு.”

டேப் சுத்தலாமாம்! யாரிடம் சொல்கிறான் பாருங்கள். “தம்பி, டேப் சுத்தி ஒட்டற வேலைக்கு என்னைக் கூப்பிட்டா நான் காசு வாங்குவேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது பேசுவதைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை மாலை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பழைய வாத்தியங்கள் விற்கிற கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் மட்டும் போனேன். சுவர் முழுக்கக் கிடார்கள், பல் போன ஒரு அக்கார்டியன், நடுவில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கடைக்காரர். கிடாருக்குக் கம்பி மாற்றுவதுதான் அவர் பிழைப்பு. பித்தளைப் பக்கம் அவருக்குப் பழக்கம் குறைவு. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே பாஸ் டிராம்போன். மெருகு போய், கை பட்ட இடமெல்லாம் கறுத்து, பின்வளைவில் ஒரு நசுங்கல். அழகியென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்லைடை அடைத்து இழுத்தேன். விரலை வெடுக்கென்று பிடித்தது பாருங்கள், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்புறம்தான் கைப்பிடியில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ‘ஒரு வால்வு வேலை செய்யாது’ என்று எழுதி, கீழே விலை போட்டிருந்தது. நான் ஒதுக்கி வைத்திருந்த பணம் சரியாக அவ்வளவுதான்.

முதல் வால்வின் விசையை அமுக்கி ஊதினேன். ஸ்வரம் சொன்னபடி கீழே இறங்கியது. அதை விட்டுவிட்டு இரண்டாவது விசையை அமுக்கி ஊதினேன். ஒரு மாற்றமும் இல்லை. அமுக்காமல் ஊதினேன், அதே ஸ்வரம். அமுக்கினேன், அதே ஸ்வரம். சிக்னல்காரர் வாத்தியத்தில் எத்தனையோ முறை விளையாட்டாக ஊதியிருக்கிறேன். அதில் இரண்டாவதைத் தனியாக அமுக்கினாலும் ஸ்வரம் இறங்கும். வால்வு என்றால் அப்படித்தான் என்பது எங்கள் பேண்டு முழுவதற்கும் மனப்பாடம்.

“வந்தவங்க எல்லாரும் இப்படித்தான் அமுக்கிப் பார்த்துட்டுப் போறாங்க” என்றார் கடைக்காரர். “நான் மறைச்சு விக்கலைம்மா, எழுதியே வச்சிருக்கேன்.”

அவர் நேர்மையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? இரண்டாவது வால்வு இல்லாவிட்டால் கீழ் பி இல்லை. கீழ் பி இல்லாவிட்டால் தனி இல்லை. பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினேன். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துவிட்டேன். மனசு விட்டுப் போயிற்று, வேறென்ன.

சனிக்கிழமை காலை ஓர் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி அம்மாவிடமிருந்து போன். சமையலறையில் தண்ணீர் வரவில்லையாம், குழாயே பழுதாம், உடனே புதுசு மாற்ற வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். தொட்டிக்கு அடியில் இருந்த வால்வு முழுதாகத் திறந்திருந்தது. நான் மாடிப்படிப் பக்கம் போய் அந்த வீட்டு மெயின் வால்வைப் பார்த்தேன். ஊருக்குப் போனபோது அவரே மூடிவிட்டு மறந்திருக்கிறார். ஏற்கெனவே எனக்கு எரிச்சல். விடுவேனா?

“ஏம்மா, மெயினை மூடி வச்சுட்டு உள்ள இருக்கிற வால்வை எத்தனை திருகு திருகினா என்ன? அதுக்குத் தண்ணியே போகலையே! தண்ணி போகாத குழாய்ல வால்வு திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? வால்வு மேல பழியைப் போடறீங்களே, அது நல்லாத்தான் இருக்கு, முதல்ல இருக்கிறதைத் திறந்தாத்தானே ரெண்டாவது...”

அதோடு நின்றுவிட்டேன்.

அந்தப் பழைய வாத்தியத்தின் இரண்டாவது வால்வு எங்கே உட்கார்ந்திருந்தது? முதல் வால்விலிருந்து பிரிந்து போகிற வளைவுக் குழாயின் மேல்! முதல் வால்வை அமுக்காதவரை அந்த வளைவுக்குள் காற்றே போகாது. காற்றே போகாத குழாயில் இருக்கிற வால்வை நான் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, பழுது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இருபது வருஷம் குழாய் வேலை பார்த்தவள்! சிக்னல்காரர் வாத்தியத்தில் இரண்டும் ஒரே வழியில், ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. அதனால் அங்கே எதை அமுக்கினாலும் பேசியது. இரண்டையும் சேர்த்து ஒரு தரம் அமுக்கிப் பார்த்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிறவியிலேயே கிடையாதே.

“என்னம்மா ஆச்சு? உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் அந்த அம்மா. “எவ்வளவு தரணும்?”

“மெயினைத் திறந்து விட்டதுக்கெல்லாம் நான் காசு வாங்கறதில்லை” என்று கத்திக்கொண்டே படிக்கட்டில் இறங்கினேன். வேனில் ஏறுவதற்குள் நாத்தனாருக்குப் போன் போட்டு, அந்தப் பழைய வாத்தியக் கடைக்கு ஓடி வரச் சொன்னேன். அவள் வேலை பார்க்கிற இடம் அதற்கு அடுத்த தெரு.

கடைக்குள் நுழைந்தால் எனக்கு முன்னால் பேக்கரிக்காரர் நிற்கிறார். கையில் அந்த டிராம்போன்.

“வாங்க குழாயக்கா! நீங்க வேண்டாம்னு போயிட்டதா இவர் சொன்னார். அதான், கடையில ரொட்டி அலமாரிக்கு மேல சுவர் காலியா இருக்கு, மாட்டலாம்னு வாங்கறேன். பழுதானதுதானே, ரெண்டு ஆணி அடிச்சா என்ன?”

உண்மையைச் சொன்னால் விலை ஏறும், என்னால் வாங்க முடியாது. சொல்லாவிட்டால் வாத்தியம் ரொட்டிக்கு மேலே தொங்கும், நாளைக்குத் தனியும் அவருக்கே போகும். ‘நேற்று நான்தான் முதலில் பார்த்தேன், எனக்கே கொடுங்கள்’ என்று கமுக்கமாக வாங்கிக்கொண்டு போகலாமே என்றும் ஓர் எண்ணம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரம் முன்னால்தான் மெயினைத் திறந்து விட்டதற்குக் காசு வேண்டாம் என்று வீராப்பாக இறங்கி வந்திருக்கிறேன். நல்ல வால்வைப் பழுது என்று வாங்கிக்கொண்டு போனால் அப்புறம் எந்த முகத்தோடு அடுத்தவர் வீட்டுக் குழாயைத் தொடுவது?

“அதுல பழுதே இல்லை” என்றேன். “இங்க கொடுங்க.”

அவர் கையிலிருந்து பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெருவிரலால் முதல் விசை, நடுவிரலால் இரண்டாவது விசை, இரண்டையும் சேர்த்து அமுக்கினேன். ஸ்லைடை முக்கால்வாசி தள்ளி ஊதினேன். முதல் தரம் வெறும் காற்று. இரண்டாம் தரம் கன்றைத் தேடுகிற மாடு மாதிரி ஒன்று வந்தது. மூன்றாம் தரம் வந்தது கீழ் பி. சுவரில் மாட்டியிருந்த கிடார்க் கம்பிகள் அத்தனையும் தானாக முனகின. கடைக்காரரின் மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“முதல் வால்வு திறந்தாத்தான் ரெண்டாவதுக்குக் காத்துப் போகும். தனியா அமுக்கினா ஒண்ணும் ஆகாது. செஞ்சதே அப்படித்தான்” என்றேன்.

“அடடா!” என்றார் கடைக்காரர். “அப்ப இந்த விலைக்கு எப்படிம்மா தர முடியும்?” சீட்டைப் பிய்க்கக் கை போனது.

“கொஞ்சம் இருங்க.” வாசலில் நாத்தனார், வேலைக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வந்து சீட்டைக் கையில் எடுத்து, லென்ஸைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்தாள். “இதை நீங்கதானே எழுதினீங்க?”

“ஆமா.”

“‘ஒரு வால்வு வேலை செய்யாது’. சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ரெண்டாவதைத் தனியா அமுக்குங்க பார்ப்போம், இப்பவும் வேலை செய்யாது. நேத்து எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கு. எழுத்தும் பொய்யில்லை, வாத்தியமும் மாறலை. விலை மட்டும் ஏன் மாறணும்?”

கடைக்காரர் எட்டி இரண்டாவது விசையைத் தனியாக அமுக்கிப் பார்த்தார்.

“எங்க அண்ணனும் இதே மாதிரிதாங்க” என்றாள் அவள். “அண்ணி அமுக்கினாத்தான் வேலை செய்வார். அதுக்காக எங்க அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் அவருக்கு விலையை ஏத்தினாங்களா?”

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அக்கார்டியன் கவிழ்ந்தது. “எடுத்துக்கோங்கம்மா” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உண்மையைச் சொல்லிட்டு வாங்க வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

“அது எப்படி? முதல்ல கேட்டது நான்” என்றார் பேக்கரிக்காரர். “வேலை செய்யுதுன்னா நானே ஊதிக்கிறேன்.” வாங்கி வாயில் வைத்தார். ட்யூபாவில் மூன்று பொத்தான் அமுக்கியே பழகியவருக்கு ஸ்லைடை எங்கே நிறுத்துவது என்று புரியவில்லை. அது வழுக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரின் தேநீர்க் குவளையைத் தட்டிவிட்டது. ஸ்வரம் என்று ஒன்று வந்ததா என்றால், ஏதோ வந்தது.

“எப்படியும் என் சுவருக்கு இது நீளம்தான்” என்று திருப்பிக் கொடுத்தார். “ஆனா நாளைக்கு மாஸ்டர் முன்னால அந்த பி வரலைன்னா, தனி என்னுது.”

“வரும்” என்றேன். வழக்கம்போல வாய்தான் சொன்னது.

அன்று மதியம் முழுக்க அந்த அடுக்குமாடியின் பம்ப் அறையில் உட்கார்ந்து ஊதினேன். மூன்றாம் மாடி அம்மாதான் சாவி வாங்கிக் கொடுத்தார். தபால் பிரிக்கிற வேலையிலிருந்து நேராக வந்த என் வீட்டுக்காரர், கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து இசைத்தாளைப் பிடித்துக்கொண்டார். மேல்மாடியில் நின்று தண்ணீர் வருகிறதா என்று சொல்கிற ஆள் மாதிரி, “வந்துச்சு... வரலை... இப்ப வந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்துக்கு மூன்றுதான் வந்தது. சாயங்காலம் பத்துக்கு ஐந்து. உதடு வீங்கி எனக்கே அந்நியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஒத்திகை. உள்ளே போனதும் பேக்கரிக்காரரின் தாள்தாங்கியைப் பார்த்துவிட்டேன். என் தனி முழுவதும் அவர் தாளில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. மாஸ்டர் முந்திக்கொண்டுவிட்டார். நான் வருவேன் என்று அவர் நம்பவே இல்லை. பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவளை ஒரு வாரம் நம்ப முடியவில்லையா உங்களால்? அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. வரட்டும், ஊதுகிற காற்றும் அங்கிருந்துதானே வர வேண்டும்.

கோடியில் இருந்த அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் என்னையும் நசுங்கிய வாத்தியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குச்சியைத் தூக்கினார்.

உருப்படி ஓடியது. அந்த இடம் வந்தது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வாயை எடுத்தார்கள். அந்த நிசப்தத்தில் நான் ஒருத்திதான். ஊதினேன். மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினேன், அவசரப்படவில்லை, வாழ்க்கையில் முதல் தரமாக அவசரப்படவில்லை. கடைசிப் படிக்கு முன்னால் முழு மூச்சை இழுத்தேன். பெருவிரல், நடுவிரல், இரண்டும். பத்துக்கு ஐந்து என்பது ஞாபகம் வந்தது. ஊதினேன்.

வந்தது. கனமாக, வட்டமாக, ஆடாமல் அசையாமல் வந்தது. கூடத்தின் மரத்தரை வழியாக அது என் உள்ளங்காலுக்கு ஏறியது. முன்வரிசையில் புல்லாங்குழல்காரி, அதிர்கிறதே என்று குனிந்து தன் நாற்காலியைப் பார்த்தாள். நான்கு எண்ணிக்கை பிடிக்க வேண்டியதை மாஸ்டர் கையை இறக்காமல் எட்டாக்கினார். நானும் விடவில்லை. மொத்தக் கூடத்துக்கும் கேட்கிறது, நான் ஊதுவது மொத்தக் கூடத்துக்கும் கேட்கிறது என்று உள்ளே ஒன்று குதித்தது. நிறுத்தியபோது எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

மாஸ்டர் கைக்குச்சியை இறக்கினார். “மறுபடி” என்றார்.

மறுபடி ஊதினேன். மறுபடியும் வந்தது. இந்த முறை யாரோ கைதட்ட, நாத்தனார் கிளாரினெட்டைத் தொடையில் அடித்துக்கொண்டு விசிலடித்தாள். மாஸ்டர் அவளைக் கண்டிக்கவில்லை. என்னைப் பார்த்து, “பாஸ் டிராம்போன், போட்டியிலயும் அதே எட்டு பிடிங்க” என்றார்.

பேக்கரிக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, “யார்கிட்டயாவது ரப்பர் இருக்கா?” என்று கேட்டார். தாளைத் தொடையில் வைத்து, பென்சிலில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். தூளை ஊதிவிட்டு, தாளை என் பக்கம் தூக்கிக் காட்டினார்.

“போதுமா?”

“கடைசி ஸ்வரம் இன்னும் லேசாத் தெரியுது” என்றேன்.

அதையும் அழித்தார்.